247 எழுத்தையும் ஒப்பிக்க வேண்டாம்: குழந்தைக்கு ஒலி வழியில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

என் மகன் ஐந்து வயதில் சுவரில் தொங்கிய எழுத்து அட்டவணையைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மெச்சுவார்கள். ஒருநாள் விளையாட்டாக மற்றக் கட்டங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, 'ழ'வை மட்டும் காட்டி, "இது என்னடா?" என்றேன். திருதிருவென முழித்தான். அப்புறம் க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, விரல்விட்டு எண்ணி, "ழ!" என்றான். பாட்டுத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எழுத்து தெரியவில்லை.

அன்றைக்கு அட்டவணையைக் கழற்றிவிட்டு வேறு வழியில் தொடங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்துக்கு இதை ஃபோனிக்ஸ் என்கிறார்கள். எழுத்தின் பெயரைச் சொல்லித்தராமல் அதன் ஒலியைச் சொல்லித்தருவது, சில ஒலிகள் வந்ததுமே அவற்றைக் கோத்துச் சொல்லாக வாசிக்க வைப்பது, எளியதிலிருந்து கடினமானதுக்கு ஒரு வரிசைப்படி போவது, இவ்வளவுதான் சங்கதி. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் 44 ஒலிகளைச் சுமக்கின்றன, அங்கே இது பெரும்பாடு. நமக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் 247 என்ற எண்ணைக் காட்டியே நாம் குழந்தையைப் பயமுறுத்திவிடுகிறோம்.

கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. இந்த 216-ஐயும் தனித்தனியாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அகர வரிசை 18, அதன்மேல் ஏறும் குறிகள் 11, ஒரு புள்ளி, தனி உயிர் 12, ஆய்தம் 1 என்று கூட்டினால் 43 வருகிறது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் சொல்பேச்சுக் கேட்காது, அதற்குத் தனியாக வருவோம். 43 விஷயங்களை ஒரு வருடத்துக்குள் சொல்லிக்கொடுப்பது ஒரு மலையே இல்லை. நாளுக்குக் கால் மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் சாயங்காலம் பால் குடித்த கையோடு உட்காருவோம்.

எப்போது தொடங்கலாம்? விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுதவைப்பது சடங்கு, அதைச் செய்துகொள்ளுங்கள், மகிழ்ச்சி. வாசிப்புப் பயிற்சிக்கு ஐந்து வயதை ஒட்டி ஆரம்பித்தால் போதும். ஆறு வயதில் தொடங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தேவையான சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் எழுத்து அட்டை ஆயிற்று. கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வாசிப்புத் தாள். ஒரு தட்டில் ரவை பரப்பினால் விரலால் எழுதிப் பார்க்கலாம். சிலேட்டும் பலப்பமும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: முதலில் காது

எழுத்தைக் காட்டுவதற்கு முன் இரண்டு வாரம் வெறும் காது விளையாட்டு. சொற்களைக் கைதட்டி உடைக்கச் சொல்லுங்கள்: மு-யல், தக்-கா-ளி, வா-ழைப்-ப-ழம். அடுத்தது, நீங்கள் உடைத்துச் சொல்ல அவன் சேர்க்க வேண்டும். "கட்... டில்... என்ன சொன்னேன்?" என்றால் "கட்டில்!" என்று வர வேண்டும். மூன்றாவது, ஒலியை மாற்றும் விளையாட்டு. "கல்லில் க-வை எடுத்துட்டுப் ப போட்டா?" "பல்!" பேருந்தில், சமையலறையில், மாவு அரைக்கக் காத்திருக்கும்போது என்று எங்கேயும் ஆடலாம். இது ஓரளவு வராமல் எழுத்துக்குப் போனால் குழந்தை எழுத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் சேர்த்துச் சொல்லத் தெரியாமல் நிற்கும். பின்னால் வரும் தடுமாற்றங்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

படி 2: ப, ட, ம, அப்புறம் ஒரு ம்

அ, ஆ-வில் தொடங்காதீர்கள் என்றால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். என் மாமியாருக்கு வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தனி உயிரெழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வரும். பன்னிரண்டையும் படித்து முடித்தாலும் குழந்தையால் வாசிக்க முடிகிற சொற்கள் ஆ, ஈ, ஐ மாதிரி ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். 'ப, ட, ம, ம்' நான்கையும் கொடுத்தால் முதல் வாரத்திலேயே 'படம்', 'மடம்' என்று வாசிக்கலாம். 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்று கோடு. ரவைத் தட்டில் எழுதவும் சுலபம்.

இங்கேதான் நான் சறுக்கினேன். நாம் எல்லாரும் புள்ளி எழுத்தை 'இக்', 'இம்' என்று சொல்லித்தானே பழகியிருக்கிறோம்? அதையே அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். 'மரம்' என்று எழுதிக் காட்டினால் விரல் வைத்து வாசித்தான்: "ம... ர... இம். மரஇம்." தலை நிமிர்ந்து, "மரஇம்னா என்னப்பா?" என்று கேட்டான். தப்பு அவன்மேல் இல்லை, நான் கொடுத்த ஒலியைத்தான் அவன் சேர்த்தான்.

அதனால் மெய்யெழுத்துக்கு 'இ' போடாதீர்கள். ம் என்றால் வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுவதுதான். ல், ள், ழ், ர், ன், ண் எல்லாவற்றையும் இப்படி இழுத்துச் சொல்ல முடியும், ஆகவே புள்ளி எழுத்துகளில் இவைதான் முதலில் வர வேண்டும். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லினத்தை இழுக்க முடியாது. நல்லவேளையாக, தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. தனிச் சொல்லில் அவை நடுவில்தான் வரும். அவற்றைத் தனியாகச் சொல்லவைக்காமல் முன்னெழுத்தோடு ஒட்டியே கொடுங்கள்: 'பட்' + 'டம்', 'பக்' + 'கம்'.

இன்னொன்று, சேர்க்கும்போது நடுவில் மூச்சு விடக் கூடாது. "ப. ட. ம்." என்று முற்றுப்புள்ளி வைத்துச் சொன்னால் சேராது. விரலை எழுத்துகளின் கீழே நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே "பஅஅடஅஅம்ம்" என்று பாடுகிற மாதிரி சொல்ல வேண்டும், பிறகு அதையே வேகமாக. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திடீரென்று "படம்! அப்பா, படம்!" என்று ஒரு சத்தம் வரும்.

படி 3: அகர வரிசையை வளர்ப்பது

அடுத்து க, ர, வ, ல். உடனே மரம், கல், பல், கடல், பகல், வரம் வந்துவிடும். பிறகு ண, த, ய: பணம், தடம், வயல், மணல். பிறகு அ, ழ: அவல், பழம். அடுத்த வாரம் ந: நகம். பத்து நாள் கழித்து ன், ள்: மகன், மகள், அவன், அவள். வாரத்துக்கு மூன்று நான்கு எழுத்துக்கு மேல் வேண்டாம். புது எழுத்து வருகிற நாளிலும் முதல் ஐந்து நிமிடம் பழைய அட்டைகளுக்குத்தான்.

ஒன்றுபோலத் தெரிவதையும் ஒன்றுபோல ஒலிப்பதையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ண-ன-ந, ல-ள-ழ, ர-ற எல்லாம் குறைந்தது பத்து நாள் இடைவெளி விட்டு வரட்டும். 'ழ' நாக்கில் வரவில்லையா? தென்மாவட்டங்களில் பெரியவர்களே 'பளம்' என்கிறோம். எழுத்தைப் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டானா, அன்றைக்கு அது போதும். நாக்குப் பயிற்சியை வாசிப்பு நேரத்துக்குள் கொண்டுவந்து அவன் வேகத்தைக் கெடுக்காதீர்கள்.

இரட்டை எழுத்தும் இன எழுத்தும் அடுத்து: பட்டம், வட்டம், பக்கம், தங்கம், கம்பம், மஞ்சள், பந்தம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'கம்பம்' என்பதில் முதல் க வன்மையாகவும், ம்-க்குப் பின் வரும் ப மென்மையாகவும் ஒலிக்கிறது. 'பட்டம்' என்பதில் ட அழுத்தம், 'படம்' என்பதில் தளர்வு. 'ச'வோ சங்கத்தில் ஒரு மாதிரி, பச்சையில் ஒரு மாதிரி, மஞ்சளில் ஒரு மாதிரி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். சொல் தெரிந்திருப்பதால் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். வெளிநாட்டில் வளர்ந்து தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைக்கு மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள்: மெல்லினத்துக்குப் பின் வந்தால் மெதுவாக, இரட்டித்தால் அழுத்தி.

ங வரிசையில் 'ங்' மட்டும் போதும். ஙி, ஙீ, ஙெ எல்லாம் எந்தக் கதைப் புத்தகத்திலும் வரப்போவதில்லை. அட்டவணையில் ஒரு முழு வரிசையைக் கடந்துவிட்டீர்கள்.

படி 4: குறிகள்

இதுதான் முழு வேலையின் இதயம். அகர வரிசை ஒரு இரண்டு மாதத்தில் வந்துவிட்டால் மீதிக் காலம் இங்கேதான் போகும்.

துணைக்காலில் தொடங்குங்கள். கால் போட்டால் இழுக்க வேண்டும், அவ்வளவே. இதற்கு ஜோடிச் சொற்கள்தான் மருந்து: கல்-கால், பல்-பால், படம்-பாடம், வரம்-வாரம், மடம்-மாடம். ஒரு அட்டையில் 'ா' மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, 'கல்' அட்டைகளுக்கு நடுவே அதைச் செருகுங்கள், எடுங்கள், செருகுங்கள். என் மகன் இதை அரைமணி நேரம் ஆடினான், நான்தான் களைத்துப்போனேன். துணைக்காலும் 'ர'வும் பல அச்சுகளில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். 'கால்' என்பதைக் 'கரல்' என்று வாசித்தால் அதுதான் காரணம். 'ர'வின் கீழே இருக்கும் சாய்ந்த வாலைச் சிவப்புப் பேனாவால் காட்டிவிடுங்கள்.

துணைக்கால் வந்த அன்றைக்கே வாக்கியமும் வந்துவிடும். காலண்டர் தாளில் நான் எழுதிக் கொடுத்த முதல் கதை: "மான் வா. வா. பழம் தரவா?" இலக்கியமில்லைதான், ஆனால் அதை வாசித்துவிட்டு அவன் வாசலில் நின்ற நாயிடம் போய்ப் பழம் கொடுக்கட்டுமா என்று கேட்டான்.

பிறகு ி, ீ: கிளி, மணி, வழி, நரி, மீன், நீர். அணில், கனி எல்லாம் இப்போது வாசிக்கலாம்.

அடுத்து உகரம், இங்கே நிதானம் வேண்டும். இதற்கு ஒரே குறி கிடையாது. பு, சு, யு, வு நேராகக் கீழே கோடு இழுக்கின்றன. டு, மு, ரு, ழு, ளு சுழித்துக்கொள்கின்றன. து, நு, லு, று, னு, ணு வாலை வளைத்து மேலே தூக்குகின்றன. கு தன் வழியில் போகிறது. பதினெட்டையும் ஒரு வாரத்தில் திணித்தால் அதுவரை கற்றதெல்லாம் குழம்பும். அதிகம் தேவைப்படுகிற டு, து, கு, பு, மு முதலில்: மாடு, வீடு, காது, பாம்பு, முகம், புலி. மற்றவற்றை ஒரே மாதிரிக் குடும்பமாக இரண்டிரண்டாகச் சேர்க்கலாம். ஊகாரமும் அதே குடும்பத்தின் வழியிலேயே போகும், கூ, சூ தவிர.

கொம்பு வரிசைதான் அடுத்த வழுக்குப் பாறை. 'பெட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ப. இடமிருந்து வலமாக ஒழுங்காக வாசித்துப் பழகிய பிள்ளை இங்கே நின்றுவிடும், அல்லது 'எப்பட்டி' என்று சொல்லும். நான் கண்டுபிடித்த உபாயம் இது: "கொம்பைப் பார்த்ததும் வாயைத் தயார் பண்ணு, எழுத்தைப் பார்த்ததும் சொல்லு." ஒற்றைக்கொம்பு என்றால் எ சொல்லும் வாய், இரட்டைக்கொம்பு என்றால் ஏ சொல்லி நீட்டும் வாய். வாயை அப்படி வைத்துக்கொண்டே ப-வுக்கு வந்தால் 'பெ' தானாக விழும். கொம்பை மட்டும் வேறு நிறத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் சுலபம். ஒரு வாரம் முகத்தைக் கோணிக்கொண்டு வாசித்தான், பார்க்க வேடிக்கையாக இருந்தது. பிறகு கோணல் போய்விட்டது, வாசிப்பு நிலைத்துவிட்டது.

'கொ'வைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்று சொல்லுங்கள். உடைத்து வாசிக்க விட்டால் 'கெஆ' என்று வரும். ஔகாரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். 'வௌவால்' ஒன்றைத் தவிர அவசரம் எதுவும் இல்லை. ஆய்தத்துக்கு 'எஃகு' வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தனி உயிர்கள் என்னவாயின? ஒவ்வொரு குறியும் வரும் வாரத்தில் அதன் உயிரைக் கையோடு அறிமுகப்படுத்துங்கள். ி வரும்போது இ, ே வரும்போது ஏ. 'ஏணி'யும் 'தேனீ'யும் ஒரே நாளில். குறியும் உயிரும் ஒரே ஒலிதான் என்பது அப்போதுதான் மனதில் ஒட்டும்.

படி 5: பேச்சுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

ஃபோனிக்ஸ் பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் எதிலும் இந்தச் சிக்கலுக்கு விடை கிடைக்காது. ஒலி வழி என்பதே, குழந்தை எழுத்துகளைச் சேர்த்ததும் தனக்குத் தெரிந்த சொல் காதில் விழும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நமக்கோ வீட்டில் 'எல', புத்தகத்தில் 'இலை'. வீட்டில் 'ஒடம்பு', புத்தகத்தில் 'உடம்பு'. வீட்டில் 'அஞ்சு', புத்தகத்தில் 'ஐந்து'. பிள்ளை "இ-லை" என்று சரியாக வாசித்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் உங்கள் முகத்தைப் பார்ப்பான். வாசிக்கத் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ஆகவே முதல் மூன்று மாதம் பேச்சிலும் ஏட்டிலும் பெரிய வித்தியாசமில்லாத சொற்களாகப் பொறுக்குங்கள்: படம், மரம், மாமா, கிளி, மாடு, வீடு, பாட்டி. 'பால்' என்பதைப் 'பாலு' என்று வாசித்தால் திட்டாதீர்கள். அவன் எழுத்தைத் தாண்டி அர்த்தத்துக்கே போய்விட்டான். "நாம பாலுன்னு சொல்லுவோம், புத்தகத்தில பால்னு எழுதுவாங்க" என்று ஒரு வரி போதும். அதன் பிறகு 'புத்தகப் பேச்சு' என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். நான் "எல" என்றால் அவன் "இலை" என்பான், நான் "எடம்" என்றால் அவன் "இடம்" என்பான். "தேங்கா" என்றதற்கு "தேங்காய்" என்று ய்-யை அழுத்திச் சொன்னான். காற்று-காத்து, கன்று-கன்னு, மூன்று-மூணு எல்லாம் இந்த விளையாட்டில்தான் வந்தன. ற்ற, ன்ற இரண்டையும் எழுத்தெழுத்தாக உடைக்காமல் ஒரு கட்டியாகவே கொடுங்கள்.

தினமும் நீங்கள் ஒரு கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுவதும் இதற்குத்தான். "வந்துகொண்டிருந்தான்" போன்ற சொல்லை முன்பே காதால் கேட்ட பிள்ளைக்கு அதை வாசிக்கப் பாதி எழுத்தே போதும்.

படி 6: உண்மையிலேயே வாசிக்கிறானா?

படப் புத்தகத்தில் யானைப் படம் இருந்தால் எந்தப் பிள்ளையும் 'யானை' என்று 'வாசித்துவிடும்'. படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். இன்னும் நல்ல சோதனை, அர்த்தமில்லாத சொற்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்களில் பாதி வெறும் கற்பனைச் சொற்கள். மனப்பாடத்தால் அதைத் தாண்ட முடியாது. நாமும் 'டமல்', 'பீகு', 'தெவாம்' என்று எழுதிக் காட்டலாம். எங்கள் வீட்டில் இவை பூதங்களின் பெயர்கள். தெவாம் கொஞ்சம் நல்ல பூதம்.

தடுக்கினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். தப்பான எழுத்தின் கீழே விரலை மட்டும் வையுங்கள். பத்துச் சொல்லில் இரண்டு மூன்று தடுக்கினால் அந்தத் தாள் அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, ஒரு படி பின்னால் போங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் என்பதால் ஒரே நிலையில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஏழு எட்டு வயதிலும், மாதக்கணக்கில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பிறகும், மூன்று எழுத்துச் சொல் சேரவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு பற்றித் தெரிந்த ஒரு நிபுணரைப் பாருங்கள். சோம்பேறி என்ற பட்டத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

படி 7: தெருவுக்குப் போங்கள்

குறிகள் எல்லாம் முடிந்ததும் புத்தகத்தைவிடக் கடைப் பலகைகள் நல்ல ஆசிரியர்கள். 'பால்', 'மாவு அரைக்கப்படும்', 'தேநீர்'. ஜ, ஸ, ஷ, ஹ நான்கையும் தனிப் பாடமாக எடுக்கவே வேண்டாம், 'பஸ்', 'ஐஸ்', 'ஜூஸ்' பார்த்தே வந்துவிடும். எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண் நான்கே மாதத்தில் முடித்தாள், என் தங்கை மகனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

போன மாதம் பரணிலிருந்து இறக்கிய ஒரு பழைய புத்தகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மடியில் வந்து உட்கார்ந்தவன், ஒரு வரியில் விரல் வைத்து நின்றுவிட்டான். "இந்த லைக்கு யானைத் தும்பிக்கை இருக்குப்பா." 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் முன் லை, னை, ணை, ளை எல்லாம் அப்படித்தான் இருந்தன. பெரியார் 'குடி அரசு' இதழில் 1935-லேயே மாற்றி எழுதத் தொடங்கியிருந்தார். அதையெல்லாம் அவனுக்குச் சொல்லவில்லை. "பாட்டிகிட்ட கேளு" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய எழுத்துகளை ஒவ்வொன்றாக ரவைத் தட்டில் எழுதிக் காட்டத் தொடங்கினார். அட்டவணையை ஏன் கழற்றினாய் என்று கோபித்துக்கொண்ட அதே மாமியார்தான்.